இரண்டு இழுப்பு

பழனி சேனாதிபதி முதலாளிக்குக் காட்டு மிருகம் பார்க்க ஆசை வந்தது. வந்த ஆசைக்கு மெட்ராஸ் போய் உயிர்க்காலேஜைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் பெருமாயி இன்றைக்குப் புருஷனோடு இருந்திருப்பாள். அவரோ, கூண்டுக்குள் கிடக்கிறதைப் பார்ப்பதில் என்ன பெருமை, காட்டில் நிற்பதைக் காட்டிலேயே பார்க்க வேண்டும் என்றார். அடிவாரத்தில் கற்பூரமும் விபூதியும் மொத்தமாக விற்கிற மனுஷர். அவர் ஒன்று சொன்னால் மறுத்துப் பேச வீட்டிலும் ஆள் கிடையாது, கடையிலும் ஆள் கிடையாது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாசம். சீசனுக்குக் கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். கூட மனைவி சண்முகசுந்தரி, அவளுடைய தம்பி குமாரவேல். குமாரவேலுக்கு இருபத்தைந்து வயசு. அக்காள் வீட்டுச் சோற்றில் வளர்ந்த உடம்பு, ஓயாத வாய். அத்தானும் மச்சினனும் ஒருவரை ஒருவர் கேலி பண்ணிக்கொள்வதுதான் அந்த வீட்டில் நாள் முழுக்கப் பொழுதுபோக்கு. ஏரியைச் சுற்றி, படகில் ஏறி, குதிரையில் உட்கார்ந்து, நாலாம் நாளே எல்லாம் அலுத்துப்போயிற்று. புதுசாக வாங்கிய கேமரா வேறு முதலாளி கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பினால் கடைத்தெருவில் நாலு பேருக்குக் காட்ட ஒரு காட்டுமாடாவது வரையாடாவது அதில் விழுந்தாக வேண்டும்.

அடுக்கத்துப் பக்கம் ரிசர்வ் காட்டுக்குத் திருமலைச்சாமி என்று ஒரு பாரஸ்டு கார்டு இருந்தான். அவனுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பழனிப் பக்கம் மாற்றல் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தான். முதலாளிக்கு மேலிடத்தில் ஆள் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? நீங்கள் வாருங்கள் முதலாளி, மிருகமெல்லாம் வரிசையில் நிற்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் கொடுத்த வாக்கைச் சுமக்க இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் மாயன். இன்னொருவன் மலையன், மாயனுடைய தங்கை பெருமாயியின் புருஷன். பளியர்கள், அந்த மலையின் பழங்குடிகள். அடுக்கத்துக்குக் கீழே சரிவில், ரிசர்வ் எல்லைக்கு உள்ளேயே ஏழு குடிசை. அவர்களுடைய பாட்டன் காலத்தில் அது ரிசர்வ் இல்லை, வெறும் காடு. கோடு பிறகுதான் வந்தது. கோடு வந்த நாளிலிருந்து வருஷம் தவறாமல் எழுந்து போ என்ற பேச்சும் வந்துகொண்டிருந்தது. திருமலைச்சாமி அதைத்தான் எடுத்து வீசினான்.

"ஏலே மாயா, முதலாளி மனசு குளிர்ந்தாத்தான் நான் ரேஞ்சர்கிட்ட ஒங்களுக்காகப் பேசுவேன். இல்லேன்னா மழைக்கு முன்னாடி ஏழு குடிசையையும் பிரிச்சுக்கிட்டு கீழ எறங்க வேண்டியதுதான்."

பெருமாயிக்கு அப்போது ஏழு மாசம். இதற்கு முன் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது கூரைக்குக் கீழே பிறக்கட்டும் என்று மாயன் தலையாட்டினான். அவனுக்குப் பெண்டாட்டி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் போய்விட்டாள். ஒட்டு உறவு என்று மிச்சம் இருந்தது தங்கை ஒருத்திதான்.

முதல் இரண்டு நாள் காட்டைப் பற்றி என்ன சொல்ல? சந்தனப் பவுடரும் தலைத்தைலமும் மணக்க மணக்க மூன்று பேர் சோலைக்குள் இறங்கினார்கள். அந்த வாசனை காற்றில் ஒரு மைல் முன்னாலேயே போய் வருகிறோம் என்று சொல்லிவிட்டது. மலையன் சத்தம் போடாமல் வரச் சொல்லிக் கையைக் காட்டினான். குமாரவேல் அதே மாதிரி கையைக் காட்டிச் சிரித்தான். எதிரொலி கேட்கிறதா பார்ப்போம் என்று பள்ளத்தைப் பார்த்துக் கூவினான். கோடைமழை பெய்து ஓய்ந்த சமயம். அட்டைகள் செருப்பு வழியாக ஏறி முதலாளியின் கெண்டைக்காலில் தொங்கின. அவர் போட்ட கூச்சலில் மரத்தின் மேல் இருந்த இரண்டு மந்தியும் போய்விட்டன. இரண்டு நாளில் அவர்கள் பார்த்த மிருகம் ஒரு மலையணிலின் வாலும், ஈரம் காயாத காட்டுமாட்டுச் சாணமும்தான். சாணத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் அத்தான் என்று குமாரவேல் சொன்னபோது முதலாளி முகம் கறுத்துவிட்டது. அந்தக் கறுப்பு கார்டு மேல் இறங்கியது. கார்டிடமிருந்து அது எங்கே இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் கூகைப்பாறைக்குப் போவது என்று முடிவாயிற்று. தெற்கே பெரியகுளத்துச் சமவெளியைப் பார்த்துச் செங்குத்தாக இறங்குகிற பாறை அது. அதன் இடுக்குகளில் வரையாடு உண்டு. மேலே நின்று எட்டிப் பார்த்தால் தெரியாது. ஒருவன் கயிறு கட்டி ஓரமாக இறங்கிக் கீழ்ப்பக்கமிருந்து கல்லைத் தட்டினால் ஆடுகள் தானாக மேலேறிப் புல்வெளிக்கு வரும். மலையன்தான் இந்த யோசனையைச் சொன்னான். எப்படியாவது காட்டி அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது என்று அவனுக்கு இருந்தது.

விடிகாலையில் கிளம்பும்போது பெருமாயி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாள். கயிறு இறக்கப் போகிறீர்களாமே, தேன் காலம்கூட இல்லையே என்றாள். மாயன் விஷயத்தைச் சொன்னான்.

"கயித்துக்கு நீதான இருப்ப?"

"வேற ஆரு இருப்பா? வெள்ளனே போயிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள ஒம் புருசனைக் கொண்டாந்து விட்டுர்றேன், போ."

அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. தேனுக்குப் பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கயிற்றடியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அந்த ஆள் இறங்குகிறவனுடைய பெண்டாட்டியோடு பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பியைக்கூட அங்கே உட்கார வைக்க மாட்டார்கள். பங்காளிக்கு எந்த நேரத்தில் என்ன புத்தி வரும் என்று யாருக்குத் தெரியும்? மச்சான் அப்படியில்லை. கயிறு போனால் தன் கூடப்பிறந்தவள் வாழ்வும் சேர்ந்து போகும் என்ற பயம் அவன் கையில் இருக்கும். அந்தப் பயத்தை நம்பித்தான் ஒருவன் அந்தரத்தில் தொங்குகிறான். ஒன்பது வருஷமாக மலையன் அப்படித்தான் மாயனை நம்பி இறங்கிக்கொண்டிருந்தான்.

பாறைத் தலைக்கு வந்து சேர்ந்ததும் சண்முகசுந்தரி ஒரு மர நிழலில் குடையை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நல்ல பெண்தான். வந்ததிலிருந்து அவள் ஒருத்திதான் இந்த இரண்டு பேரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தாள். கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டு மலையன் நின்றதைப் பார்த்து, இவரை ஒரு படம் எடுங்களேன் என்று புருஷனிடம் சொன்னாள். முதலாளியும் போனால் போகிறது என்று ஒன்று எடுத்தார். மலையன் கேமராவைப் பார்த்து விறைப்பாக நின்றான்.

முதல் மரத்தில் கயிற்றைக் கட்டி அவன் இறங்கினான். மாயன் மரத்தடியில் குந்திக் கயிற்றின் மேல் விரலை வைத்துக்கொண்டான். குமாரவேல் பக்கத்தில் வந்து நின்றான்.

ஆள் தெரியவில்லையே, கீழே அவன் என்ன செய்கிறான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். மாயனை யாரும் அப்படிப் பக்கத்தில் வந்து எதையும் விசாரித்ததில்லை. அதுவும் சட்டையும் கைக்கடிகாரமும் போட்ட ஆள். மாயனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்டது, கேட்காதது எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். காற்றில் குரல் போகாது, கயிறுதான் பேச்சு என்றான். மேலேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் பொறு என்று அர்த்தம். இரண்டு இழுப்பு இழுத்தால் முடிச்சுப் போட்டாயிற்று, பாறையை விட்டுக் கயிற்றில் பாரத்தைப் போடலாம் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வருகிறவரைக்கும், கால் நடுங்கினாலும் தேனீ கொட்டினாலும் கீழே இருக்கிறவன் பாறையை விட மாட்டான். வந்துவிட்டால் யோசிக்கவும் மாட்டான். மச்சான் மட்டும்தான் கயிற்றுக்கு இருக்கலாம் என்பதையும் சொன்னான்.

குமாரவேல் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அத்தான், இங்கே வந்து இதைக் கேளுங்கள் என்று முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளியும் வந்து கேட்டுவிட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். சொல்லிப் பெருமைப்பட்டவனுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனாலும் பெரிய மனுஷர்கள் சிரிக்கிறார்களே என்று அவனும் கொஞ்சம் இளித்து வைத்தான்.

கீழேயிருந்து சீழ்க்கை வந்தது. ஆடுகள் கிழக்கே ஒதுங்கிவிட்டன, கயிறு எட்டவில்லை, அடுத்த மரத்துக்கு மாற்று என்று அர்த்தம். மலையன் ஓரடி அகலத் திட்டில் நின்று பாறை வெடிப்பில் விரலை நுழைத்துப் பிடித்துக்கொண்டான். மாயன் ஒரு இழுப்பு இழுத்துப் பொறு என்று சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். தலைப்பைக் கொண்டுபோய், இடி விழுந்து பட்டை உரிந்த நாவல் மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். முடிச்சுப் போடுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துக் குமாரவேலுக்குப் போட்டோ ஆசை வந்தது.

நானும் ஒரு பெண்டாட்டிக்குத் தம்பிதானே, நான் பிடித்தால் ஆகாதா, அத்தான் ஒரு படம் எடுங்கள் என்றான். முதலாளி கேமராவைத் தூக்கினார். மாயன் தயங்கினான். தயங்கினான் என்பது நிஜம், அதை மறைக்க வேண்டாம். முடிச்சுப் போட்டுவிட்டுத் தருகிறேன் சாமி என்றான். முடிச்சுப் போட்டுவிட்டால் பிடிக்கிற மாதிரி எப்படி இருக்கும், கையில் கயிறு விறைப்பாக இருக்க வேண்டாமா என்றான் குமாரவேல். கார்டு பின்னாலிருந்து, குடுலே, ஒரு நிமிசந்தான என்று அதட்டினான்.

அப்புறமும் மாயன் தலைப்பை விடவில்லை. குமாரவேல் சட்டைப் பையிலிருந்து சிகரெட்டுப் பெட்டியை எடுத்தான். ஒன்றை உருவி மாயன் வாயிலேயே வைத்து, தீக்குச்சியும் கிழித்துப் பற்ற வைத்தான். மாயன் சிகரெட்டு குடித்ததில்லை. கார்டு குடிக்கும்போது வாசனை பிடித்ததோடு சரி. இந்தக் கையில் சிகரெட்டு, அந்தக் கையில் கயிறு என்று ஒரு கணம் நின்றான். பிறகு, சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும், இழுக்காதீர்கள் சாமி என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கொடுத்தான். படத்தில் விழாமல் தள்ளி நில்லு என்றார் முதலாளி. தள்ளி நின்றான். கார்டு அதட்டினான், குடிசை போய்விடும் என்று பயந்தேன் என்று பின்னால் அவன் தனக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டான். சொல்லட்டும். அந்த நிமிஷத்தில் அவனுக்குக் குடிசை ஞாபகம் இல்லை. புகை நன்றாக இருந்தது.

"ஏண்டா, எங்கயிறு மட்டும் ஒங் கையில இருந்தா எப்பவோ விட்டுருப்பியே" என்றார் முதலாளி கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே.

எல்லாரும் சிரித்தார்கள். மாயனும் சிரித்தான். மரத்தடியில் கறுப்பாக ஒரு மச்சான், வெளுப்பாக ஒரு மச்சான் என்று கார்டு எடுத்துவிட்டதற்கும் சேர்த்துச் சிரித்தான்.

"ரெண்டு இழுப்பு இழுத்தா ஆளு ஏறி வருமாமே, பாப்பமா?" என்றான் குமாரவேல். தூண்டிலில் மீன் சுண்டுகிற மாதிரி இரண்டு தடவை சுண்டி இழுத்தான். முதலாளி அந்த நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தினார்.

கயிறு ஒரு கணம் விறைத்து நின்றது. அப்புறம் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. குமாரவேல் ஐயோ என்று கையை உதறினான். தலைப்பு பாறை விளிம்பைத் தாண்டி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு மறைந்தது. மலையன் கத்தவில்லை. கல் சரிகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு மிரண்டு வரையாடுகள் மேலேறி வந்தன. ஒன்பது உருப்படி. முன்னால் பெரிய கிடா, முதுகு வெளுத்தது. நேரே புல்வெளிக்கு வந்து, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வரிசையாக நின்றன. திருமலைச்சாமி சொன்ன வாக்கு அப்படியே பலித்துவிட்டது. மாயன் விளிம்பைப் பார்த்து ஓடினான். கார்டு எட்டி அவன் தோளைப் பிடித்து அமுக்கினான்.

"ஓடாதலே. ஆடு கலைஞ்சிரும்."

மாயன் நின்றான்.  பிறந்ததிலிருந்து காக்கிச் சட்டை சொன்னால் நிற்கிற கால், நின்றுவிட்டது. முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு படம் எடுத்தார். ஆடுகள் தாமாகக் கலைந்து போன பிறகுதான் கார்டு கையை எடுத்தான்.

விளிம்பில் படுத்து மாயன் கூப்பிட்டான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். கீழே மேகம் நின்றது, ஒன்றும் தெரியவில்லை. பின்னால் அவர்கள் குமாரவேலின் உள்ளங்கையைச் சுற்றி நின்றார்கள். கயிறு உரசித் தோல் வழன்றிருந்தது. சண்முகசுந்தரி பையிலிருந்து களிம்பை எடுத்துத் தடவி, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கட்டிக்கொண்டே அந்த ஆள் ஏறி வந்துவிட்டாரா என்று கேட்டாள். அவர்களுக்கு இது தினப்படி வேலை, எங்கேயாவது தொற்றிக்கொண்டு நிற்பான், நீ வா என்றார் முதலாளி. அவள் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவர்களைப் பாதி வழி கொண்டுபோய் விட்டுவிட்டுக் கார்டு திரும்பி வந்தான். அப்போது மாயன் மண்ணில் தலையை மோதிக்கொண்டிருந்தான். கார்டு பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டாமல், ரொம்ப நயமாகப் பேசினான்.

"ஒங்க ஆளுக என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? மாப்ள கயித்தை ஊராங்கிட்ட குடுத்துட்டு சிகரெட்டு குடிச்சேன்னு சொல்லப்போறியாக்கும்? கை வழுக்கிருச்சுன்னு சொல்லுலே. எனக்கும் வம்பில்ல, ஒனக்கும் வம்பில்ல."

கெட்டிக்காரன் திருமலைச்சாமி. இத்தனை வருஷம் அந்த மலையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. கை வழுக்குவது பளியர்களுக்குப் புதுசில்லை. தலைமுறைக்கு ஒன்று அப்படி நடக்கும். பாறை கேட்டது, எடுத்துக்கொண்டது என்பார்கள். வழுக்கவிட்டவன் அப்புறம் ஆயுசுக்கும் கயிற்றைத் தொடக் கூடாது, விதவையான தங்கைக்கும் அவள் பிள்ளைக்கும் சோறு போட வேண்டும், அவ்வளவுதான். கயிற்றை வேறு ஆள் கையில் கொடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அப்படி எவனும் செய்ததில்லை.

மறுநாள் அடிவாரப் பக்கமாகச் சுற்றிப்போய் மலையனை எடுத்தார்கள். கயிறு அவன் கையிலேயே இருந்தது. விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பெருமாயி முதலில் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிசை மூங்கிலில் சாய்ந்தாள். எப்படி என்று கேட்டாள். கை வழுக்கிருச்சு தாயி என்றான் மாயன். பனி ஈரம், முடிச்சுப் போடுறதுக்குள்ள வழுக்கிருச்சு என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் அவள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அவன் சாப்பிடாமல் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, வேகவைத்த கிழங்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பாறை கேட்டால் நீ என்ன செய்வாய், ஒன்பது வருஷம் நீ காப்பாற்றிக் கொடுத்ததையும் நான் நினைக்க வேண்டாமா என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள், அவனுக்கு ஆறுதல் சொன்னாள். மாயன் அந்தக் கிழங்கைத் தின்றான். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது, கிழங்கோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

ஆனி மாசம் பிள்ளை பிறந்தது. ஆண். இந்த முறை தங்கிவிட்டது. மாயன் ஒரு நாள் தவறாமல் கிழங்கு தோண்டினான், கடுக்காய் பொறுக்கினான், வில்பட்டிக்குப் போய்த் தோட்டத்தில் கொத்தினான். தன் வாயைக் கட்டித் தங்கை வயிற்றை நிரப்பினான். பிள்ளை அழுதால் அவன் நெஞ்சில் போட்டால்தான் ஓயும். தாய்மாமன் நெஞ்சு கண்டுபிடித்துக்கொண்டது பார் என்று பெருமாயி சொல்லிச் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தாள். இப்படியே இருந்துவிட்டால் போதும், செத்தவன் செத்தான், இருக்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாயனுக்குத் தைரியம் வந்துவிட்டது. ராத்திரி தூக்கமும் வந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மழை விட்டு வானம் வெறித்திருந்தது. மத்தியானம் கார்டு திருமலைச்சாமி வந்தான். அவனுக்குப் பழனிக்கு மாற்றல் ஆகிவிட்டது. முதலாளியைப் பார்த்து நன்றி சொல்லப் போனபோது அந்த அம்மா ஒரு உறை கொடுத்தனுப்பினார்கள் என்றான். மலையன் செத்ததை இவன் சொல்லக் கேட்டு, பாவம், அந்தப் பெண்ணிடம் புருஷன் முகம் ஒன்றாவது இருக்கட்டும் என்று அழுதார்களாம். குடிசைகளைப் பற்றி ரேஞ்சர் ஐயாவிடம் பேசினீர்களா என்று மாயன் கேட்டான். புதுக் கார்டு வருவார், அவரிடம் கேட்டுக்கொள் என்றான். உறையைப் பெருமாயி கையில் கொடுத்துவிட்டு, மழை வருமுன் மேலே ஏற வேண்டும் என்று போய்விட்டான். அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குத்தான் எல்லாம் கைகூடிவிட்டதே.

உறையில் இரண்டு படம் இருந்தது. முதல் படத்தில் மலையன், தோளில் கயிற்றோடு விறைப்பாக நின்றான். பெருமாயி அதற்கு முன் படம் பார்த்ததில்லை. கண்ணைக் கண்டுகொண்டாள், மூக்கைக் கண்டுகொண்டாள், முழங்காலில் இருந்த தழும்பைக் கண்டுகொண்டு விரலால் தடவினாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்பனைப் பாருடா என்று அண்ணன் நெஞ்சில் கிடந்த பிள்ளைக்குக் காட்டினாள். மாயனுக்கும் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு இரண்டாவது படத்தைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்குக் கேமரா எத்தனை தடவை சத்தம் போட்டது என்று அவன் எங்கே எண்ணினான்?

இரண்டாவது படத்தையும் வைத்தது சண்முகசுந்தரியின் நல்ல மனசுதான். அதில் மாயன் ஓரத்தில் இருக்கிறானே, மூன்று நாளும் முகம் சுண்டியே திரிந்த அந்த மனுஷன் சிரிக்கிற படம் இது ஒன்றுதானே, அவனுக்கும் ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்று வைத்திருந்தாள். தங்கையிடம் மாயன் என்ன சொல்லி வைத்திருக்கிறான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெருமாயி அதை முதலில் தலைகீழாகப் பிடித்தாள். திருப்பினாள். இடி விழுந்து பட்டை உரிந்த நாவல் மரம் தெரிந்தது. கூகைப்பாறை மரம், அவளுக்குத் தெரியாதா? மரத்தைச் சுற்றிக் கயிறு. கயிற்றைப் பிடித்திருந்த கையில் கடிகாரம் இருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தான். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை திரும்பப் பிடித்துக் கூரை ஓரத்திலிருந்து சொட்டு விழுந்தது. படத்தை நனையாமல் நகர்த்திக்கொண்டாள்.

"அண்ணே, இதுல நீ எங்கன இருக்க?"

மாயன் எட்டிப் பார்த்தான்.  பொய் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. பிள்ளையைப் பிடித்திருந்த கையை எடுத்து ஒரு விரலை ஓரத்தில் வைத்தான். அங்கே அவன் வாயில் சிகரெட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

கார்டு சொல்லித்தான் கொடுத்தேன் என்றான். ஒரு நிமிஷம்தான் என்றான். இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன் என்றான். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கேவலமாக அவன் காதிலேயே விழுந்தது.  அவள் கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கயிற்றைச் சுண்டுகிற கையின் மேல் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ரெண்டு இழுப்பும் நீ இழுத்ததுன்னு நம்பித்தானண்ணே அவரு பாறைய விட்டுருப்பாரு?"

  பெருமாயி முதல் படத்தை மட்டும் எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். இரண்டாவதை அவன் காலடியில் வைத்தாள். பிறகு குனிந்து, அதற்குள் தூங்கிவிட்டிருந்த பிள்ளையை அவன் நெஞ்சிலிருந்து பிரித்தெடுத்தாள். பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படலைச் சாத்தினாள்.

பிள்ளை அன்று சாயங்காலம் வரைக்கும் அழுதுகொண்டே இருந்தது. மாயன் வெளியே மழையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.